வேளாங்கண்ணிக் கடைத்தெருவின் ஜெபமாலைகள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

வேளாங்கண்ணிப் பேராலயத்தைச் சுற்றியும் கடற்கரைக்குப் போகிற வழியிலும் அநேகமாக எல்லாக் கடைகளிலும் ஜெபமாலை தொங்குகிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை கொத்துக் கொத்தாக விற்றுத் தீரும். வீட்டில் ஆளுக்கொன்று, அக்கம்பக்கத்துக்கு நாலு என்று அள்ளிக்கொண்டு ஊர் திரும்புகிறோம். ஜெபமாலை மாதமான அக்டோபர் முடிவதற்குள் அவற்றில் பல அறுந்து, மேசை இழுப்பறைக்குள் போய்விடுகின்றன. இது எந்த ஒரு கடையையும் பற்றிய மதிப்பீடு அல்ல. சரக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் சின்னக் கடையிலும் நல்லது கிடைக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தினமும் சொல்கிறவருக்கு 8 மி.மீ. மரமணி வாங்குங்கள். அது தடித்த எவர்சில்வர் கம்பியிலோ முறுக்கிய நைலான் கயிற்றிலோ கோர்த்ததாக இருக்கட்டும். கிரிஸ்டல், தங்கமுலாம், சந்தன வாசனை மாலை எல்லாம் பார்க்க அழகு, தினசரி உழைப்புக்கு ஆகாது.

இவ்வளவு கறாராகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு 53 மணி ஜெபத்தில் ‘அருள் நிறைந்த மரியே’ மன்றாட்டைச் சொல்லி, ‘பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்’ என்று 53 முறை கேட்கிறோம். பத்து மணிகள் உருட்டி முடிக்கும்போதெல்லாம், 1917 ஜூலையில் போர்ச்சுகலின் பாத்திமாவில் மாதா கற்றுக்கொடுத்த ‘ஓ என் இயேசுவே, எங்கள் பாவங்களை மன்னியும்’ என்ற மன்றாட்டு வருகிறது. ஆக இந்த மாலையைப் பிடிக்கப்போவது பாவியின் கை. அசதியோடு, கண்ணை மூடிக்கொண்டு, ஓடுகிற பேருந்திலோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலோ, மனம் ஓட மறுக்கிற நாளிலும் உருட்டப்போகிற கை. பல நாள் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறவர், மூன்றாம் நாளே மாலை அறுந்தால் அதையே சாக்காக வைத்து நிறுத்திவிடுவார். சரக்கு உறுதியாக இருப்பது ஆன்ம காரியத்துக்கும் உதவி.

முதல் சோதனை, எண்ணிக்கை. கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் ஒரு நிமிடம் நின்று எண்ணுங்கள். பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசுவின் உருவம் உள்ள சிலுவையை, பிடித்துத் தொங்கவிட்டால் அதிலிருந்து மேலே ஒரு பெரிய மணி, மூன்று சிறிய மணி, மறுபடி ஒரு பெரிய மணி, பிறகு மூன்று கண்ணி சேரும் மெடல். மெடலிலிருந்து வட்டமாகப் பத்து, பெரியது, பத்து, பெரியது என்று ஐந்து பத்துகளும் நடுவில் நான்கு பெரிய மணிகளும். சிறியது 53, பெரியது 6, மொத்தம் 59. மலிவுச் சரக்கில் ஒரு பத்தில் ஒன்பதோ பதினொன்றோ இருப்பது சாதாரணம். வாங்கியபின் தெரிந்தால் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் தடுக்கும். 153 மணி மாலை வாங்குகிறவர்கள் பதினைந்து பத்துகளையும் எண்ண வேண்டும். அதில் பெரிய மணி 16, ஆக மொத்தம் 169.

எண்ணும்போது இன்னொன்றும் தெரிந்துவிடும். ஒரே ஆணியில் வேறு பக்தி மாலைகளையும் மாட்டி வைத்திருப்பார்கள். ஏழு ஏழாகப் பிரிந்திருந்தால் அது வியாகுல மாதா ஜெபமாலை. மும்மூன்றாக ஒன்பது கூட்டம் இருந்தால் அதிதூதர் மிக்கேல் ஜெபமாலை. இரண்டும் நல்ல பக்திதான். ஆனால் 53 மணி ஜெபத்துக்கு என்று நினைத்து வாங்கிப் போய், ‘மணி குறைகிறதே’ என்று திகைப்பவர்கள் உண்டு. இறை இரக்க ஜெபமாலைக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், இதே 59 மணியில் சொல்லிவிடலாம்.

அடுத்தது கண்ணி. ஜெபமாலையின் ஆயுள் மணியில் இல்லை, கம்பியில்தான். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு துண்டுக் கம்பி நுழைந்து இரு பக்கமும் வளையமாக மடங்கியிருக்கும். மலிவு மாலையில் இந்தக் கம்பி மெல்லியது, வளையத்தின் வாயும் முழுதாக மூடியிருக்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: வளையத்தின் வாயில் ஒரு தையல் நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால், அந்தக் கண்ணி சீக்கிரம் விரிந்து கழன்றுவிடும். கம்பி 0.8 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அதைவிட நல்லது, வளையம் போட்டபின் கம்பியின் நுனியை மணியின் கழுத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி முடித்த கண்ணி. அது விரிய வழியே இல்லை. வேலை அதிகம் என்பதால் விலை கூடத்தான் இருக்கும், கொடுக்கலாம்.

அறுகிற இடமும் பெரும்பாலும் ஒன்றேதான். சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது நாம் சுரூபத்தைப் பிடித்துத்தான் வெடுக்கென்று இழுக்கிறோம். அந்த இழுப்பு முழுவதும் சுரூபத்தின் தலைவளையத்திலும் மெடலின் மூன்று காதுகளிலும் விழுகிறது. வாங்கும்போது இந்த நான்கு இடங்களையும் விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். மெடலின் காது காகிதம்போல் மெலிந்திருந்தால் அந்த மாலையே வேண்டாம். கண்ணி அறுந்தால் மாட்டிக்கொள்ளலாம், காது ஒடிந்தால் மெடலையே மாற்ற வேண்டும்.

உலோகத்தில் வேளாங்கண்ணிக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. கடல் காற்று. வெள்ளி மாதிரி பளபளக்கும் முலாம் மாலைகள் கடையில் தொங்கும்போதே உப்புக்காற்று பட்டுப் புள்ளி விழத் தொடங்கிவிடும், வீட்டுக்கு வந்ததும் கை வியர்வை மீதியைப் பார்த்துக்கொள்ளும். முதலில் பெரிய மணியைச் சுற்றியுள்ள பூ வேலை கறுக்கும், பிறகு கண்ணிகளில் பச்சை பூக்கும். அதைப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்த்தால் முலாம் மொத்தமாகப் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கழுத்தில் போடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: மலிவு உலோகத்தில் நிக்கல் இருந்தால் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். எவர்சில்வரில் இந்தத் தொல்லைகள் மிகக் குறைவு. எவர்சில்வர் என்று சொல்லித் தருவது உண்மைதானா என்று பார்க்க, கண்ணிகளின் வெட்டு முனையைப் பாருங்கள். முனையில் செம்பு நிறம் தெரிந்தால் அது முலாம்.

கயிற்று மாலை இங்கே மதிப்புக் குறைந்த சரக்காகப் பார்க்கப்படுகிறது. எங்கள் பார்வையில் கடைத்தெருவிலேயே அதிகம் உழைப்பது அதுதான். முறுக்கிய நைலான் கயிற்றில் மணி கோர்த்தவை ஒரு வகை. மணியே இல்லாமல் முடிச்சாகவே போட்டவை இன்னொரு வகை. அதில் அருள் நிறைந்த மரியே சொல்ல மூன்று சுற்று முடிச்சு, பரலோக மந்திரம் சொல்ல நாலைந்து சுற்றுப் பெரிய முடிச்சு இருக்கும். சத்தம் வராது, துவைக்கலாம், கறுக்காது. பார்க்க வேண்டியது கயிற்றின் நுனியை மட்டும். சூடு காட்டி உருக்கி மூடியிருக்க வேண்டும். கத்தரித்து அப்படியே விட்டிருந்தால் முடிச்சு அவிழும். நைலானுக்குப் பதில் பருத்தி நூல் போட்டிருந்தால் வியர்வையில் இற்றுவிடும். கையில் மாட்டும் எலாஸ்டிக் மாலைகள் ஒரு பத்து மட்டும் கொண்டவை. கொஞ்ச காலத்தில் தொளதொளவென்று ஆகி அறுந்து மணி சிதறும். பிள்ளைகள் கேட்டால் வாங்கிக்கொடுங்கள், ஆனால் மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை கையில் எந்தச் சிறு மணியையும் கொடுக்காதீர்கள்.

மணிகளைப் பொறுத்தவரை, மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் மணியை இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. மணி நன்றாகத்தான் இருக்கும், அதைக் கோர்த்த கம்பிதான் மோசம். கண்ணாடி மணியும் கிரிஸ்டலும் கம்பியில் கோர்த்திருந்தால் பரவாயில்லை. நூலில் கோர்த்திருந்தால் துளையின் கூரான விளிம்பு நூலை அரம்போல அறுத்துவிடும். பட்டை தீட்டிய மணி கீழே விழுந்தால் ஓரம் தெறித்து விரலைக் கீறும். சந்தனம் என்று விற்பவற்றில் பல, வேறு மரத்துக்கு வாசனை ஏற்றியவை. ஈரத் துணியால் ஒரு மணியைத் தேய்த்தால் துணியில் சாயம் இறங்கும், மூக்கைத் துளைக்கிற வாசனையும் சில வாரங்களில் போய்விடும். ‘பெத்லகேம் ஒலிவ மரம்’ என்று சொன்னால் மணிகளின் ரேகையைப் பாருங்கள். உண்மையான ஒலிவ மரத்தில் மணிக்கு மணி நிறமும் ரேகையும் மாறும். எல்லா மணியும் ஒரே நிறத்தில் அச்சடித்ததுபோல் இருந்தால் நம்ப வேண்டாம்.

ஒன்றை மட்டும் வாங்கவே வேண்டாம் என்போம்: சிவப்பும் கறுப்புமான குன்றிமணி மாலை. பார்ப்பதற்கு அத்தனை அழகு. ஆனால் அந்த விதைக்குள் இருப்பது ஆப்ரின் என்ற கடுமையான நஞ்சு. தோடு முழுதாக இருக்கும்வரை அவ்வளவு ஆபத்தில்லை. மாலைக்கு என்று ஊசியால் துளைபோட்ட விதையில் அந்தத் தோடு உடைந்திருக்கிறது. குழந்தை வாயில் வைத்து மென்றால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பழைய குன்றிமணி மாலை இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கண்ணை மூடி உருட்டும் ஒரு சோதனை செய்யாமல் எந்த மாலையையும் வாங்காதீர்கள். கடையிலேயே ஒரு பத்து உருட்டிப் பாருங்கள். பெரிய மணி வந்ததும் விரலுக்குத் தெரிகிறதா? எல்லா மணியும் ஒரே அளவில், இடைவெளியும் இல்லாமல் இருக்கிற மாலைகள் உண்டு. அதில் எத்தனையாவது மணி என்று பார்க்க அடிக்கடி கண்ணைத் திறக்க வேண்டியிருக்கும், தேவ இரகசியத்தை (ஒவ்வொரு பத்துக்கும் உரிய இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்வை) தியானிக்கிற மனம் மணியை எண்ணுவதிலேயே போய்விடும். பெரிய மணிக்கு இரு புறமும் குறைந்தது ஒரு விரல் அகல இடைவெளி வேண்டும். முதியவர்களுக்கும், விரல் மூட்டு வீங்கியவர்களுக்கும் 10 மி.மீ. மணி. 6 மி.மீ.க்குக் கீழே இருப்பது சின்னப் பிள்ளைகள் விரலுக்குத்தான் சரி.

சுரூபத்தில், ஆண்டவரின் உருவம் சிலுவையோடு சேர்த்து வார்த்ததா, பசை போட்டு ஒட்டியதா என்று நகத்தால் தட்டிப் பார்த்தால் தெரியும். ஒட்டியது வெயிலில் வண்டிக்குள் வைத்தாலே கழன்றுவிடும். மெடலில் மாதா படத்தை ஒட்டி மேலே கண்ணாடி மாதிரி பூச்சு ஊற்றியவையும் அப்படித்தான், ஓரம் தூக்கி, தண்ணீர் இறங்கி, படம் வெளுக்கும். அச்சில் வார்த்த மெடலே மேல். புனித பெனடிக்ட் மெடல் பதித்தவை இப்போது நிறைய வருகின்றன. அதன் பின்பக்கத்தில் சிலுவையும் சுற்றிலும் லத்தீன் எழுத்துகளும் மேலே ‘பாக்ஸ்’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். நகலுக்கு நகல் எடுத்து வார்த்ததில் எழுத்தெல்லாம் மழுங்கி வெறும் புள்ளிகளாக இருக்கும். அது பேயோட்டும் தாயத்து என்று சொல்லி விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள். அந்த மெடல் ஒரு மன்றாட்டு, தாயத்து இல்லை.

மாலையோடு ஒரு துண்டுத்தாளோ சிறு புத்தகமோ தருவார்கள். இதைப் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பல பழைய அச்சுகளில் சந்தோஷம், துக்கம், மகிமை என்று பதினைந்து தேவ இரகசியங்கள் மட்டுமே இருக்கும். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002 அக்டோபரில் சேர்த்த ஒளியின் ஐந்தும் இருக்காது. கிழமை அட்டவணையும் மாறியிருக்கிறது: இப்போதைய வழக்கில் திங்கள், சனி சந்தோஷம்; செவ்வாய், வெள்ளி துக்கம்; புதன், ஞாயிறு மகிமை; வியாழன் ஒளி. பழைய தாளில் வியாழன் சந்தோஷத்துக்கும் சனி மகிமைக்கும் போயிருக்கும். பழைய முறையில் சொன்னால் பாவமில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் ஒரு தாளையும் இன்னொருவர் வேறு தாளையும் வைத்திருந்தால் தொடக்கத்திலேயே குழப்பம்.

அதே தாளில், ஜெபமாலை சொல்கிறவர்களுக்கு மாதா தந்ததாகச் சொல்லப்படும் பதினைந்து வாக்குறுதிகள் அச்சாகியிருக்கும். 1475இல் இறந்த டொமினிக்கன் சபைத் துறவி ஆலன் தெ லா ரோஷ் பெயரோடு வழிவழியாக வருபவை அவை. பக்தியை வளர்ப்பவைதான், விசுவாசக் கோட்பாடு அல்ல. ஆனால் சில கடைகளில் ‘கழுத்தில் போட்டாலே போதும், நரகம் இல்லை’ என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள். இது கழுத்தில் அணியும் சிறு துணியான கார்மேல் மாதா உத்தரியத்தைப் பற்றி வழங்கும் வாக்குறுதியை, அதுவும் அரைகுறையாக, ஜெபமாலையில் ஏற்றிச் சொல்வது. மணிக்குள் சக்தி எதுவும் அடைத்து வைக்கப்படவில்லை. ஜெபமாலை பாவியை அசைப்பது எப்படி என்றால், அவனைத் தினமும் கால்மணி, இருபது நிமிடம் இயேசுவின் பிறப்பு, பாடு, உயிர்ப்பு இவற்றின் முன்னால் நிறுத்தி வைக்கிறது. அங்கே நின்றவன், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியைத் தேடிப் போகாமல் இருக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘சாவான பாவத்தில் (கனமான பாவத்தில்) இருக்கிறவன் ஜெபமாலையைத் தொடக்கூடாது’ என்று சில வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறார்கள். தாராளமாகத் தொடலாம், தொட வேண்டும். பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் பரிபூரண பலனுக்குத்தான் நிபந்தனைகள்: கோயிலிலோ குடும்பமாகவோ சபையாகவோ ஐந்து பத்துகளையும் இடைவிடாமல் வாய்விட்டுச் சொல்லித் தியானிக்க வேண்டும், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக ஜெபம், பாவத்தின் மேல் எந்தப் பற்றுமில்லாத மனம் ஆகியவையும் வேண்டும். மன்றாடுவதற்கு நிபந்தனை கிடையாது. அதற்குச் சாட்சி, இத்தாலியின் பர்த்தோலோ லோங்கோ. அவர் நேப்பிள்ஸில் சட்டம் படிக்கும்போது ஆவி வழிபாட்டில் விழுந்து, சாத்தான் வழிபாட்டுப் பூசாரி என்னும் அளவுக்குப் போனவர். மனந்திரும்பிய பிறகும், தனக்கு மீட்பு உண்டா என்ற ஐயம் 1872இல் பொம்பேயில் அவரை வாட்டியது. ஜெபமாலையைப் பரப்புகிறவன் மீட்படைவான் என்ற எண்ணம்தான் அவரைப் பிடித்து நிறுத்தியது. அங்கே அவர் பின்னர் எழுப்பிய ஜெபமாலை மாதா கோயிலில் இருக்கும் படம், பழசாகி நைந்துபோய், 1875 நவம்பர் 13 அன்று எரு ஏற்றும் வண்டியில் வந்தது. 2025 அக்டோபர் 19 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ லோங்கோவைப் புனிதராக அறிவித்தார்.

லோங்கோ சிறைக் கைதிகளின் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். வேளாங்கண்ணியில் மொத்தமாக ஜெபமாலை வாங்குகிறவர்களில் பலர் சிறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கத்தான் வாங்குகிறார்கள். சிறைக்குக் கம்பியும் சங்கிலியும் வேண்டாம், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும். முடிச்சு மாலையோ, மெல்லிய நூலில் பிளாஸ்டிக் மணியும் பிளாஸ்டிக் சுரூபமும் கோர்த்த மாலையோ வாங்கி, சிறைப்பணி செய்யும் குருவிடம் முன்கூட்டியே காட்டி அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிகளுக்குச் சோப்புப் போட்டுக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் மாலை நல்லது. ஒரு கையில் ஊசி ஏறிக்கொண்டிருப்பவருக்குப் பத்துப் புடைப்புகளும் சிலுவையும் உள்ள மோதிர ஜெபமாலை இன்னும் வசதி. ஐந்து சுற்று சுற்ற வேண்டும், எத்தனையாவது சுற்று என்பதை அடுத்த கை விரலில் வைத்துக்கொள்ளலாம். விரல் வீங்கும் என்பதால் ஓர் அளவு பெரியதாக வாங்குங்கள்.

மந்திரித்தது, அதாவது குரு ஆசீர்வதித்தது, என்று சொல்லி விற்கும் மாலையை வாங்காதீர்கள். மந்திரித்த பொருளை விற்றால் அதோடு சேர்ந்த ஞானப்பலன் நீங்கிவிடும் என்பது திருச்சபையின் விதி. முதலில் வாங்கி, பிறகு பேராலயத்திலோ உங்கள் பங்கிலோ குருவிடம் கொடுத்து மந்திரியுங்கள். அன்பியத்துக்கோ (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவுக்கோ) பக்தசபைக்கோ சேர்த்து வாங்குகிறவர்கள் பணத்தை முன்பே வசூலித்துவிட வேண்டும். மந்திரித்தபின் ‘வாங்கின விலையை மட்டும் கொடுங்கள்’ என்று கேட்டால் அதுவும் விற்பனைதான்.

கண்ணி அறுந்து மாட்டினாலோ ஓரிரு மணி போய் வேறு கோர்த்தாலோ மறுபடி மந்திரிக்க வேண்டியதில்லை. சரிசெய்ய இரண்டு சின்ன மூக்குக் குறடுகளும் சில உதிரி வளையங்களும் போதும். கவரிங் சாமான் கடையில் இரண்டும் கிடைக்கும். வளையத்தை இரு பக்கமும் இழுத்து அகலமாக்காதீர்கள், அது வட்டம் இழந்து மறுபடி சரியாக மூடாது. ஒரு முனையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருகித் திறந்து, கண்ணியை மாட்டி, அதே வழியில் திருகி, முனைகள் இரண்டும் ஒட்டி உரசும்வரை மூட வேண்டும். சரிசெய்ய முடியாத அளவுக்குப் போன மாலையிலிருந்து நல்ல மெடலையும் சுரூபத்தையும் எடுத்து அடுத்த மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். மீதியைக் குப்பையில் போடாமல், மரமும் நூலும் என்றால் எரித்துவிடுங்கள், உலோகமும் கண்ணாடியும் என்றால் கால் படாத இடத்தில் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.